பருமனான உடம்பில் இதயம் எதை எரிக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"ஈசிஜி நார்மல், எக்கோ நார்மல், ஆஞ்சியோவிலும் அடைப்பு இல்லை. ஆனா மாம்பலம் ஸ்டேஷன் படி ஏறினா மூச்சு வாங்குது." எடை கூடியவர்களிடமிருந்து சென்னை மருத்துவர்கள் அன்றாடம் கேட்கும் புகார் இது. குழாயில் அடைப்பே இல்லாமலும் இதயத் தசை சக்திக்குத் திண்டாடலாம். எப்படி என்பதையும், என்ன செய்யலாம் என்பதையும் கேள்விவாரியாகக் கீழே தந்திருக்கிறோம்.

இதயத்துக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு சக்தி தேவை?

பெரியவர்களின் இதயம் 300 கிராம் சொச்சம் இருக்கும். நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 லட்சம் முறை துடித்து, 7,000 லிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது. இந்த வேலைக்கு அது செலவழிக்கும் நாணயம் ஏடிபி என்ற மூலக்கூறு. ஒரு நாளில் இதயம் உண்டாக்கிச் செலவழிக்கும் ஏடிபியைக் கூட்டிப் பார்த்தால் 6 கிலோ வரும், அதாவது தன் எடையைப் போல 20 மடங்கு. கையிருப்போ சுமார் 10 விநாடிக்குத்தான் தாங்கும். ஆவின் பால் மாதிரி. பரணில் சேர்த்து வைக்க முடியாது, வண்டி வந்துகொண்டே இருக்க வேண்டும்.

இதில் பலர் அறியாத ஒன்று உண்டு. சுருங்குவதற்கு மட்டுமல்லாமல் தளர்வதற்கும் இதயத்துக்கு ஏடிபி வேண்டும். ஒவ்வொரு துடிப்புக்கும் செல்லுக்குள் பாயும் கால்சியத்தைத் திரும்ப அதன் கிடங்குக்குள் இறைத்தால்தான் தசை தளரும், அடுத்த மடக்கு ரத்தம் உள்ளே வரும். அந்த இறைப்பு மோட்டார் ஏடிபியில்தான் ஓடுகிறது. கால்சியம், சோடியம் பம்புகளுக்கே மொத்த ஏடிபியில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் எக்கோ கேள்வியில் தேவைப்படும்.

இதயம் எரிப்பது சர்க்கரையையா, கொழுப்பையா?

இரண்டையும்தான். தசைகள் வெளியே விடும் லாக்டேட், கொழுப்பிலிருந்து கல்லீரல் உண்டாக்கும் கீட்டோன் எதையும் அது விட்டுவைப்பதில்லை. சாதாரண நிலையில் 60 முதல் 70 சதவீதம் ஏடிபி கொழுப்பு அமிலத்திலிருந்து வருகிறது; மிச்சத்தில் பெரும்பகுதி குளுக்கோஸ், லாக்டேட். சாப்பிட்டதும் இன்சுலின் ஏறும்போது குளுக்கோஸுக்கு மாறும், விடியற்காலை வெறும் வயிற்றில் கொழுப்புக்குத் திரும்பும். ஆரோக்கியமான இதயத்தின் அடையாளமே இந்த மாற்றிக்கொள்ளும் திறன்தான்.

இரண்டுக்கும் கணக்கு வேறு. பால்மிட்டிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தின் ஒரு மூலக்கூறு எரிய 23 ஆக்சிஜன் மூலக்கூறு தேவை. கிடைப்பது சுமார் 106 ஏடிபி. குளுக்கோஸுக்கு 6 ஆக்சிஜன் போதும். கிடைப்பது சுமார் 31. ஆக ஓர் ஆக்சிஜனுக்குக் கொழுப்பு 4.6 ஏடிபி தருகிறது, குளுக்கோஸ் 5.2 தருகிறது. பத்துப் பதினோரு சதவீத வித்தியாசம். காலுக்கோ கைக்கோ இது ஒரு பொருட்டே இல்லை. இதயத்துக்குப் பொருட்டுதான். ஏனென்றால் தன்னிடம் வரும் ரத்தத்திலிருந்து சும்மா இருக்கும்போதே 70 சதவீதத்துக்கும் மேல் ஆக்சிஜனை அது உறிஞ்சிவிடுகிறது. படியேறும்போது கூடுதலாக எடுக்க ரத்தத்தில் பெரிதாக மிச்சம் இருக்காது. ரத்த ஓட்டத்தைக் கூட்டுவது ஒன்றே வழி.

உடல் பருமன் வந்தால் இதில் என்ன மாறுகிறது?

முதலில் வேலை கூடுகிறது. உடம்பு பெருத்தால் ரத்தத்தின் கொள்ளளவும் கூடும், நிமிடத்துக்குத் தள்ள வேண்டிய அளவும் கூடும், பெரும்பாலும் ரத்தக் கொதிப்பும் சேர்ந்துகொள்ளும். தேவை ஏறும் அதே நேரத்தில் உற்பத்தியின் திறன் இறங்குகிறது. படிப்படியாகப் பார்ப்போம்.

சாப்பிட்ட பிறகு "கொழுப்பை வெளியே விடாதே" என்று கொழுப்புச் செல்களுக்குக் கட்டளை போடுவது இன்சுலினின் வேலை. தொப்பைக் கொழுப்பு பெருகி இன்சுலின் எதிர்ப்பு வந்துவிட்டால் அந்தக் கட்டளை எடுபடாது. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கொழுப்பு அமிலம் ரத்தத்தில் கசிந்துகொண்டே இருக்கும். இதயச் செல் தன் மேற்பரப்பில் சிடி36 என்ற கொழுப்பு வாசல்களை அதிகமாகத் திறந்து அதை உள்ளே இழுக்கிறது. உள்ளே வந்த கொழுப்பு பிபிஏஆர்-ஆல்ஃபா என்ற மரபணு சுவிட்சைப் போடுகிறது. உடனே கொழுப்பை எரிக்கும் நொதிகள் கூடுகின்றன. கூடவே பிடிகே4 என்ற நொதியும் கூடி, செல்லின் சக்தி உலையான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் குளுக்கோஸ் நுழையும் கதவைப் பூட்டிவிடுகிறது. கொழுப்பு மிகுந்தால் குளுக்கோஸ் எரிவது தடைபடும் என்பதை 1963-இலேயே ஃபிலிப் ராண்டில் குழுவினர் விளக்கிவிட்டார்கள். இன்றும் அது ராண்டில் சுழற்சி என்றே அழைக்கப்படுகிறது.

ஆக, ரத்தத்தில் குளுக்கோஸ் இருக்கிறது, எரிக்க முடியவில்லை. கொழுப்பு மேல் கொழுப்பு வருகிறது, எரித்தாலும் ஆக்சிஜனுக்கேற்ற ஏடிபி தேறவில்லை. இதோடு மைட்டோகாண்ட்ரியாவிலும் கசிவு ஏற்படுகிறது: எரிந்த சக்தியில் ஒரு பங்கு ஏடிபியாக மாறாமல் வெறும் வெப்பமாகப் போகிறது, செல்லை அரிக்கும் ஆக்சிஜன் துணுக்குகளும் உண்டாகின்றன. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் இளம் பெண்களை பெட் ஸ்கேன் செய்து 2004-இல் வெளியிட்ட ஆய்வில் இது நேரடியாகவே தெரிந்தது: பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் எண்) ஏற ஏற இதயம் குடிக்கும் ஆக்சிஜன் கூடியது, திறன் குறைந்தது. அவர்கள் இதயநோயாளிகள் அல்லர். எடை கூடியவர்கள், அவ்வளவுதான்.

கடைசியாக, எரித்தது போக மிஞ்சும் கொழுப்பு. அது இதயச் செல்லுக்குள் செராமைடு, டைஅசைல்கிளிசரால் போன்ற பொருள்களாக மாறி, இன்சுலின் சொல்வதை மேலும் கேட்கவிடாமல் செய்கிறது. வட்டம் மூடிக்கொள்கிறது.

2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த சென்னைவாசிகளுக்கு இதை விளக்குவது எளிது. கழுத்தளவு தண்ணீர், குடிக்க ஒரு கேன் இல்லை. பருமனான உடம்பில் இதயத்தின் நிலை அதுதான்.

கொழுப்பு எரிந்தால் நல்லதுதானே? எல்லோரும் "ஃபேட் பர்ன்" என்றுதானே சொல்கிறார்கள்?

எங்கே எரிகிறது என்பதைப் பொறுத்தது. தொடைத் தசை எரித்தால் லாபம். ரத்தத்திலுள்ள கொழுப்பு அமிலம் குறைகிறது. தொடை எரிக்காததெல்லாம் கல்லீரலுக்கும் இதயத்துக்கும் போய்ச் சேரும். இதயத்தின் மேல் விழும் கொழுப்புச் சுமையைக் குறைப்பதுதான் நோக்கம்.

எக்கோவில் இ.எஃப். 62 சதவீதம் என்கிறார்கள். பிறகு ஏன் மூச்சு வாங்குகிறது?

இ.எஃப். என்பது இதயம் எவ்வளவு வெளியே தள்ளுகிறது என்பதற்கான எண். எவ்வளவு நன்றாகத் தளர்ந்து நிரம்புகிறது என்பதை அது சொல்லாது. ஏடிபி தட்டுப்பாட்டில் முதலில் அடிபடுவது தளர்ச்சிதான். கால்சியம் இறைப்பது தாமதமானால் கீழ் இடது அறை விறைப்பாகவே நிற்கும். ரத்தம் நுழைய அழுத்தம் கூட வேண்டும். அந்த அழுத்தம் பின்னோக்கி நுரையீரலுக்குப் போகும். உட்கார்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது, படியில் தெரியும். இ.எஃப். 50-க்கு மேல் இருந்தும் வரும் இந்த இதயச் செயலிழப்பை "இ.எஃப். குறையாத வகை" என்கிறார்கள், பருமன் அதன் மிக முக்கியக் காரணங்களில் ஒன்று.

எக்கோ ரிப்போர்ட்டைக் கையில் வாங்கினால் கடைசி வரியை மட்டும் படிக்காமல் இரண்டு எண்களைத் தேடுங்கள். ஒன்று இ/இ-பிரைம் (E/e') விகிதம்: சராசரி 14-க்கு மேல் போனால் அழுத்தம் கூடியிருக்கிறது. இன்னொன்று இடது மேலறையின் கொள்ளளவு: உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 34 மி.லி.க்கு மேல் என்றால் அறை பல மாதங்களாக அழுத்தம் தாங்கி விரிந்திருக்கிறது. ஒரு எச்சரிக்கை: உடல் பரப்பே பெரிதாக இருப்பவருக்கு வகுத்தால் வரும் எண் சிறிதாகத் தெரியும், அதனால் எல்லைக்கோட்டில் இருந்தால் "நார்மல்" என்று விட்டுவிடக் கூடாது.

வீட்டிலேயே கவனிக்கக்கூடிய அடையாளம் ஒன்று. வாசலில் குனிந்து கோலம் போடும்போதோ செருப்பு வார் மாட்டும்போதோ 30 விநாடிக்குள் மூச்சு முட்டினால் அதை வயசு, தொப்பை என்று தள்ளிவிடாமல் மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள். குனியும்போது இதய அழுத்தம் ஏறுவதன் குறி அது.

மருத்துவர்கள் பயன்படுத்தும் ஒரு மதிப்பெண் அட்டவணையும் உண்டு. பிஎம்ஐ 30-க்கு மேல் 2, ரத்தக் கொதிப்புக்கு இரண்டோ அதற்கு மேலோ மாத்திரை 1, ஏட்ரியல் ஃபிப்ரில்லேஷன் என்ற ஒழுங்கற்ற துடிப்பு 3, நுரையீரல் தமனி அழுத்தம் 35-க்கு மேல் 1, வயது 60-க்கு மேல் 1, இ/இ-பிரைம் 9-க்கு மேல் 1. மொத்தம் 9. காரணம் தெரியாத மூச்சுத்திணறல் உள்ளவருக்கு 6 அல்லது அதற்கு மேல் வந்தால் இந்த நோயாகவே இருக்க வாய்ப்பு மிக அதிகம். 0, 1 என்றால் வேறு காரணம் தேட வேண்டும். உதாரணமாக 64 வயதுப் பெண், பிஎம்ஐ 32, இரண்டு பிபி மாத்திரை, இ/இ-பிரைம் 11: 2+1+1+1, ஆக 5. நடுவில் நிற்கிறார். இவருக்கு உடற்பயிற்சியின்போது எடுக்கும் எக்கோ போன்ற அடுத்த கட்டச் சோதனை தேவைப்படும்.

இதயச் செயலிழப்பைக் கண்டறிய எடுக்கும் என்டி-ப்ரோபிஎன்பி ரத்தப் பரிசோதனை குறைவாக வந்தது. அப்படியானால் இதயச் செயலிழப்பு இல்லைதானே?

எடை கூடியவர்களிடம் அப்படி முடிவு கட்டக் கூடாது. பருமனில் இந்த அளவு இயல்பாகவே தாழ்ந்து வரும். ஒல்லியானவருக்கு வைத்த எல்லையை வைத்துப் பார்த்தால் உண்மையான நோயாளிகளும் நழுவிவிடுவார்கள். கூடுதலாக வந்தால் நம்பலாம். குறைவாக வந்தால் அதை மட்டும் நம்பக் கூடாது.

நான் ஒல்லிதான், தொப்பை மட்டும்தான். எனக்குமா?

உங்களுக்கும்தான்; நம் ஊரில் பெரும்பாலோர் கதை இதுவே. இந்தியர்களுக்கு பிஎம்ஐ 23-இலேயே கூடுதல் எடை, 25-இல் பருமன். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் (ஐசிஎம்ஆர்) சேர்ந்து நடத்திய இந்தியா அளவிலான ஆய்வு 2023-இல் வெளியானது. அதில் பிஎம்ஐ அளவுகோல்படி பருமன் 28.6 சதவீதம் பேருக்கு, வயிற்றுப் பருமனோ 39.5 சதவீதம் பேருக்கு. இந்த இடைவெளியில் நிற்பவர்களில் பலர்தான் "நான் குண்டு இல்லையே" என்பவர்கள்.

பேன்ட் சைஸை இடுப்பளவு என்று நினைக்காதீர்கள். பேன்ட்டும் வேட்டியும் தொப்பைக்குக் கீழே இறங்கி உட்கார்ந்துகொள்ளும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், சட்டை இல்லாமல், மூச்சை இயல்பாக வெளியே விட்டு, டேப்பை இறுக்காமல் அளக்க வேண்டும். அந்த அளவு உங்கள் உயரத்தில் பாதியைத் தாண்டினாலும் எச்சரிக்கைதான்.

இதயத்தின் மேலேயே படியும் கொழுப்பும் உண்டு. அதற்கும் இதயத் தசைக்கும் நடுவே எந்தச் சவ்வும் இல்லை. இரண்டுக்கும் ஒரே நுண்குழாய் ரத்த ஓட்டம். அது சுரக்கும் அழற்சிப் பொருள்கள் நேராகத் தசைக்குள் இறங்கும்.

இதயத்தின் ஏடிபி அளவைப் பரிசோதனையில் பார்க்க முடியுமா?

பாஸ்பரஸ் எம்ஆர் ஸ்பெக்ட்ராஸ்கோபி என்ற முறையில் முடியும். கிரியேட்டின் பாஸ்பேட்டுக்கும் ஏடிபிக்கும் உள்ள விகிதத்தை அது காட்டும். ஆரோக்கியமானவருக்கு 2-ஐ ஒட்டி இருக்கும், பருமனிலும் சர்க்கரை நோயிலும் இறங்கும். ஆனால் இது ஆராய்ச்சிக்கூடச் சமாச்சாரம், லேபில் எழுதிக் கேட்டு வாங்குவது அல்ல. நடைமுறையில் ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி), வெறும் வயிற்று டிரைகிளிசரைடு (ரத்தக் கொழுப்பு), வயிற்று ஸ்கேனில் கொழுப்புக் கல்லீரல், எக்கோ ஆகிய நான்குமே போதுமான படத்தைத் தரும். கல்லீரலில் கொழுப்பு என்று ஸ்கேன் சொன்னால், கொழுப்பு இடம் மாறிப் படிய ஆரம்பித்துவிட்டது என்று பொருள். "எல்லாருக்கும் இருக்கிறதுதான், கிரேட் ஒன்" என்று மடித்து வைத்துவிடுகிறோம், அது தவறு.

சாப்பாட்டில் எதை மாற்றுவது?

எண்ணெயிலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் அதை அளக்க முடியும். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டி 2,000 கலோரி உணவுக்கு எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு 27 கிராம் என்கிறது. நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு மாதம் 3,240 கிராம், அதாவது சுமார் மூன்றரை லிட்டர். நல்லெண்ணெய், கடலை எண்ணெய், நெய், ரேஷன் பாமாயில் அத்தனையும் இதில் அடக்கம். வெளியே சாப்பிடும் வடை, பஜ்ஜி, பிரியாணியும்தான். உங்கள் வீட்டு மளிகைச் சீட்டை எடுத்துக் கூட்டிப் பாருங்கள். பல வீடுகளில் ஐந்தைத் தாண்டும். ரேஷன் பாமாயிலில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு. அதைப் பொரிக்கவும் தாளிக்கவும் முழுதாக நம்பியிருக்க வேண்டாம்.

அடுத்தது மாவுச்சத்து. இந்தியரின் சராசரிக் கலோரியில் 62 சதவீதம் அதிலிருந்துதான் வருகிறது. காலை இட்லி, மதியம் சாதம், இரவு தோசை என்று நாள் முழுவதும் ஒரே அரிசிதான் வேறு வேறு உருவத்தில் வருகிறது. குளுக்கோஸ் கதவு பூட்டியிருக்கும்போது உள்ளே வரும் கூடுதல் மாவுச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக்கி ரத்தத்தில் விடும்; அது திரும்ப இதயத்துக்கே வரும். சிறுதானியத்துக்கு மாறினால் போதும் என்பது பாதி உண்மை. 100 கிராம் கம்பிலும் 100 கிராம் அரிசியிலும் கலோரி கிட்டத்தட்ட ஒன்றுதான். நார்ச்சத்து கூடுதல், அளவைக் குறைத்தால்தான் பலன்.

நடைமுறையில்: காலை நான்கு இட்லிக்குப் பதில் இரண்டு, கூட ஒரு கிண்ணம் கெட்டிச் சாம்பார் அல்லது சுண்டல் அல்லது இரண்டு முட்டை. மதியத் தட்டில் பாதி காய், கீரை. கால் பங்கு பருப்பு, மீன், கோழி. மிச்சக் கால் பங்குதான் சாதம். இரவு 8 மணிக்குள் முடிப்பது நல்லது. ஃபில்டர் காபி குடிக்கலாம். நாளைக்கு மூன்று டம்ளர், ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 30 கிராம், 120 கலோரி. அதைப் பாதியாக்கினாலே போதும். காபியை விடச் சொல்லி யாரையும் நோகடிக்கத் தேவையில்லை.

பேலியோ, கீட்டோ இருக்கலாமா?

மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் இந்த முறைகளில் எடை இறங்கும், டிரைகிளிசரைடும் பலருக்கு இறங்கும். ஆனால் சிலருக்கு எல்டிஎல் கொலஸ்டிரால் மிக உயரும், அதனால் தொடங்கும் முன்னும் 6 முதல் 12 வாரத்திலும் லிப்பிட் பார்க்காமல் இருக்கக் கூடாது. சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் டாபாகிளிஃப்லோசின், எம்பாகிளிஃப்லோசின் வகை மாத்திரை எடுப்பவர்கள் இந்த உணவுமுறைக்குப் போகவே கூடாது. சர்க்கரை நார்மலாகக் காட்டும்போதே ரத்தம் அமிலமாகும் கீட்டோஅசிடோசிஸ் வரலாம்.

பட்டினி கிடந்து வேகமாகக் குறைத்தால்?

முதல் வாரம் இதயத்துக்குக் கெட்ட வாரம். திடீரென்று உணவு மிகக் குறையும்போது கொழுப்புச் செல்கள் மடை திறந்தாற்போலக் கொழுப்பு அமிலத்தை விடும். 800 கலோரிக்குள் உணவு கொடுத்து ஆக்ஸ்ஃபர்டில் எம்ஆர்ஐ மூலம் பார்த்த ஆய்வில், முதல் வாரத்தில் இதயத் தசைக்குள் கொழுப்பு கூடி, இயக்கமும் சற்று மோசமானது. 8 வாரத்தில் நிலைமை தேறி, தொடங்கியதைவிட நன்றாகவே ஆனது. எனவே முறை தவறு என்று சொல்ல முடியாது. மருத்துவர் மேற்பார்வை இல்லாமல், ஏற்கெனவே இதயநோய் உள்ளவர் செய்வதுதான் தவறு. வாரத்துக்கு அரைக் கிலோ என்ற வேகம் வீட்டில் தனியாகச் செய்பவர்களுக்குப் பாதுகாப்பானது.

எத்தனை கிலோ குறைந்தால் பலன் தெரியும்?

80 கிலோ உள்ளவருக்கு 4 முதல் 8 கிலோ, அதாவது 5 முதல் 10 சதவீதம். அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஆய்வின் 2002 கணக்குப்படி பிஎம்ஐ ஒவ்வொரு எண் கூடும்போதும் இதயச் செயலிழப்பு அபாயம் ஆண்களுக்கு 5, பெண்களுக்கு 7 சதவீதம் ஏறுகிறது. 160 செ.மீ. உயரமுள்ளவருக்கு பிஎம்ஐயில் ஓர் எண் என்பது இரண்டரைக் கிலோதான்.

நடந்தால் மட்டும் போதுமா? எப்படித் தொடங்குவது?

நடைக்கு எடைக் கணக்கையும் தாண்டிய ஒரு வேலை இருக்கிறது. சுருங்கும் கால் தசை இன்சுலின் தயவில்லாமலே குளுக்கோஸை உள்ளே இழுக்கும், கொழுப்பு அமிலத்தையும் எரிக்கும். எடை ஒரு கிலோகூட இறங்காவிட்டாலும் இதயத்தின் மேல் விழும் வெள்ளம் வடியத் தொடங்கும். சாப்பிட்டபின் 10 முதல் 15 நிமிடம் நடப்பது இதனால்தான் தனி மதிப்புள்ளது.

முதல் இரண்டு வாரம் ஒரு நாளைக்கு 10 நிமிடம் வீதம் இரண்டு முறை. பிறகு வாரம் 5 நிமிடம் கூட்டி, வாரத்துக்கு 150 நிமிடம் வரை வாருங்கள். வேகம்: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. நாடித்துடிப்பு இலக்கை நம்ப வேண்டாம். துடிப்பைக் குறைக்கும் மெட்டோபிரோலால் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கு அது அவ்வளவாக ஏறாது. கடற்கரைக்குப் போகிறவர்கள் மணலில் தொடங்காதீர்கள். மணலில் நடக்க, கெட்டித் தரையைவிட இரண்டு மடங்குக்கு மேல் சக்தி செலவாகும். மெரினாவோ பெசன்ட் நகரோ, முதல் மாதம் நடைபாதைதான். நாகேஸ்வர ராவ் பூங்கா, நடேசன் பூங்கா போன்ற நிழலுள்ள இடங்கள் இன்னும் நல்லது. சித்திரை, வைகாசியில் காலை 7 மணிக்குள் முடித்துவிடுங்கள். வெப்பத்தில் தோலுக்கும் ரத்தம் அனுப்ப வேண்டியிருப்பதால் அதே நடைக்கு இதயம் கூடுதலாக உழைக்கும்.

வாரம் இரண்டு நாள் தசைப் பயிற்சி: கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது 10 முறை, சுவரைத் தள்ளுவது 10 முறை, குதிகால் தூக்குவது 15 முறை, இரண்டு சுற்று. மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்யாதீர்கள், பிபி சட்டென்று ஏறும்.

முன்னேற்றத்தை அளக்க மொட்டை மாடி போதும். 10 மீட்டர் கயிறு வைத்துக் கோடு போட்டு, 6 நிமிடத்தில் எத்தனை மீட்டர் நடக்கிறீர்கள் என்று எண்ணுங்கள். மாதம் ஒரு முறை, அதே நேரத்தில். எடை மெஷின் நகராத மாதங்களிலும் இந்த எண் நகரும்.

இதற்கென்று மருந்து இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் ஒவ்வொன்றையும் மருத்துவர் உங்கள் சிறுநீரகம், சர்க்கரை, பிபி பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

டாபாகிளிஃப்லோசின், எம்பாகிளிஃப்லோசின்: சிறுநீர் வழியாகக் குளுக்கோஸை வெளியேற்றுபவை, வழக்கமாக நாளைக்கு 10 மி.கி. இ.எஃப். குறையாத வகையில் 2021-இலும் 2022-இலும் வந்த பெரிய ஆய்வுகளில் மருத்துவமனை சேர்க்கை குறைந்தது. இவை ரத்தத்தில் கீட்டோனைச் சற்றுக் கூட்டுவதால் இதயத்துக்கு மாற்று எரிபொருள் கிடைக்கிறது என்பது ஒரு விளக்கம். உப்பும் நீரும் வெளியேறுவதும் பங்காற்றுகிறது. இரண்டுக்கும் காப்புரிமை முடிந்துவிட்டதால் விலை நன்றாக இறங்கியிருக்கிறது. தவறு நடக்கும் இடங்கள் மூன்று. பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று: ஒவ்வொரு முறையும் தண்ணீரில் கழுவித் துடைத்தால் பெரும்பாலும் தவிர்க்கலாம். வாந்தி, பேதி, சாப்பாடே இறங்காத காய்ச்சல்: அந்த நாள்களில் மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கேளுங்கள், முழு நாள் ஏகாதசி விரதத்துக்கும் நோன்புக்கும் முன்கூட்டியே கேளுங்கள். அறுவைசிகிச்சை: மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும், பல் பிடுங்கும் இடத்திலும் இதைச் சொல்ல மறக்காதீர்கள்.

செமாக்ளூடைட் ஊசி: பசியைக் குறைத்து எடையை இறக்குவது. பிஎம்ஐ 30-க்கு மேலுள்ள, இ.எஃப். குறையாத இதயச் செயலிழப்பு நோயாளிகள் 529 பேரிடம் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், ஓராண்டில் எடை 13.3 சதவீதம் இறங்கியது. 6 நிமிட நடை 21.5 மீட்டர் கூடியது. போலி ஊசி போட்டவர்களுக்கு 2.6 சதவீதமும் 1.2 மீட்டரும்தான். இதே போன்ற டிர்செபடைடும் 2025 மார்ச் முதல் இந்தியாவில் கிடைக்கிறது. குமட்டல், மலச்சிக்கல் சகஜம். பெரிய கவலை தசை இழப்பு: பசியே இல்லாமல் ரசம் சாதத்தோடு நிறுத்திக்கொண்டால் கொழுப்போடு தசையும் கரையும். பருப்பு, முட்டை, மீன் முதலில், சாதம் பிறகு. மேலே சொன்ன நாற்காலிப் பயிற்சியும் கட்டாயம்.

டிரைமெட்டாசிடின்: பலர் கையில் இருக்கும் மாத்திரை. இதயம் கொழுப்பை எரிப்பதை ஓரளவு தடுத்துக் குளுக்கோஸ் பக்கம் தள்ளும். தத்துவப்படி நம் பிரச்சினைக்கு அச்சாகப் பொருந்துகிறது, ஆனால் அதன் இடம் நெஞ்சுவலிக்கான துணை மருந்து என்ற அளவில்தான். ஸ்டென்ட் வைத்தபின் எல்லோருக்கும் கொடுத்துப் பார்த்த 2020 ஆய்வில் பலன் இல்லை. கை நடுக்கம், நடை தடுமாற்றம் வந்தால் இதைச் சந்தேகிக்க வேண்டும். பார்க்கின்சன் நோயாளிகளுக்கும் கடுமையான சிறுநீரகக் குறைவு உள்ளவர்களுக்கும் ஆகாது.

கார்னிடின் கேப்ஸ்யூல்கள்?

கார்னிடின் கொழுப்பை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் ஏற்றும் வண்டி. ஏற்கெனவே கொழுப்பு நெரியும் இடத்துக்குக் கூடுதல் வண்டி எதற்கு? காசை மீனுக்குச் செலவிடுங்கள்.

குறட்டைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோயில் ஆக்சிஜன் இரவெல்லாம் விழுந்து எழுகிறது. ஆக்சிஜனை ஏற்கெனவே வீணடிக்கும் இதயத்துக்கு அது இரட்டை அடி. பக்கத்தில் படுப்பவர் "மூச்சு நின்னு போகுது" என்றால், பகலில் பஸ்ஸில் உட்கார்ந்ததும் தூங்கிவிடுகிறீர்கள் என்றால், மூன்று மாத்திரை போட்டும் பிபி அடங்கவில்லை என்றால் தூக்கப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

ஓய்வில் இருக்கும்போதே மூச்சுத்திணறல், நெஞ்சு இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர் வியர்வை, மயக்கம்: 108-ஐ அழையுங்கள். வாயு என்று ஓமத் தண்ணீர் குடித்துக் காத்திருக்க வேண்டாம். ஆட்டோ பிடித்துப் போவதும் வேண்டாம், ஆம்புலன்ஸில் ஆக்சிஜன் இருக்கும்.

படுத்தால் மூச்சு முட்டி இரண்டாவது தலையணை தேடுவது, மாலையில் கணுக்காலில் விரல் அழுத்தினால் குழி விழுவது, இவையெல்லாம் ஓரிரு நாளில் மருத்துவரைப் பார்க்க வேண்டியவை. எடையையும் தினமும் காலை, சிறுநீர் கழித்தபின், சாப்பிடும் முன் பார்த்துக் குறித்து வையுங்கள். இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் கல்யாண வீட்டுச் சாப்பாட்டைக் குறை சொல்லாதீர்கள். ஒரு கிலோ கொழுப்பு சேர 7,700 கலோரி, இரண்டு கிலோவுக்கு 15,400 கலோரி மிச்சமாக வேண்டும்; அதை இரண்டு நாளில் யாராலும் சாப்பிட முடியாது. ஏறியிருப்பது தண்ணீர்.